இரவல் நீதிபதியும் இறையாண்மையும்

பசிபிக் கடலிலே கிரிபாட்டி என்றொரு நாடு. 33 தீவுகள், ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம் மக்கள், 1979-இல் விடுதலை பெற்றது. உற்றார் உறவினரால் நிறைந்த சிறு நாட்டிலே, எவரோடும் ஒட்டுறவற்ற நீதிபதி கிடைப்பது அரிது. எனவே ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வரவழைத்தனர். இதில் இழிவேதுமில்லை, இல்லாததைக் கேட்டுப் பெறுவது அறிவுடைமை.

நடந்தது என்ன? 2022-இல் ஆஸ்திரேலியரான நீதிபதி டேவிட் லம்போர்ன் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவருடைய துணைவியார் எதிர்க்கட்சித் தலைவர்! அடுத்து, நியூசிலாந்தரான தலைமை நீதிபதி பில் ஹேஸ்டிங்ஸ் இடைநீக்கம். ஆகஸ்டில் லம்போர்னை நாடுகடத்த முயன்றனர். கூடாதென்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். செப்டம்பரில் அம்மன்றத்தின் மூன்று நீதிபதிகளும் இடைநீக்கம்! பின்னர், அரசின் தலைமை வழக்கறிஞரே தற்காலிகத் தலைமை நீதிபதியானார்.

குற்றச்சாட்டுகள் உண்டு என்றது அரசு. இருக்கட்டும், அவற்றை ஆராய்ந்து தீர்ப்புரைக்க மன்றம் வேண்டாமா?

இது புதிதுமன்று. 2014-இல் நவ்ரூ அரசு, ஆஸ்திரேலியரான நடுவர் பீட்டர் லாவை நாடுகடத்தியது. தலைமை நீதிபதி ஜெஃப்ரி ஈம்ஸின் விசாவையும் ரத்துச் செய்தது.

“அந்நியர் எமக்கு நீதி சொல்வதா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை, மண்ணின் மைந்தரைச் சட்டத்தில் வல்லவராக்குவது. தீர்ப்பு கசந்ததும் நீதிபதியை விமானமேற்றுவதன்று!

தோழர்களே! நீதிபதி எந்நாட்டவர் என்பதைவிட, அவரை நீக்கும் அதிகாரம் எவர் கையில் என்பதே முதற்கேள்வி. விசா ஆள்வோர் கையில் இருக்கும்வரை, தராசும் அவர்கள் கையில்தான். உள்நாட்டார்க்கும் வெளிநாட்டார்க்கும் ஒப்ப, உறுதியான பதவிக்காலம் வேண்டும். அதுவே இறையாண்மைக்கு அழகு!