பாட்டில் விலை 1,500, ஷிப்பிங் 4,500: வாங்கலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு கேள்விக்கான பதில்தான்.

கோயம்புத்தூர்ல இருந்து நம்ம லிஸனர் ஒருத்தங்க வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. வீட்டிலேயே கோல்ட் ப்ராசஸ் முறையில் சோப்பு செய்றவங்க. தை மாசக் கல்யாணம் ஒன்றுக்கு, தாம்பூலப் பையில் வைக்க 200 சோப்பு ஆர்டர் வந்திருக்கு. ஒரு சோப்பு 110 ரூபாய்னு விலையும் பேசியாச்சு. கல்யாணப் பொண்ணு ஆசைப்பட்டது 'வொயிட் டீ அண்ட் ஜிஞ்சர்' வாசனை. இவங்க அமெரிக்கக் கடை ஒன்றின் வெப்சைட்டில் தேடிப் பிடிச்சு, 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம் பாட்டில் நாலு கார்ட்ல போட்டிருக்காங்க. பாட்டில் 1,500 ரூபாய், மொத்தம் 6,000. செக்-அவுட் பக்கத்துக்குப் போனதும் ஷிப்பிங் 4,500 ரூபாய்னு காட்டுது. கை அப்படியே நின்னுடுச்சு. "வாங்கலாமா, வேண்டாமா?"ங்கிறதுதான் கேள்வி.

"எதுக்குங்க அமெரிக்கா? பாரிமுனைல நைனியப்ப நாயக்கன் தெருவுக்குப் போனா கிடைக்காத வாசனையா?"ன்னு சிலர் கேப்பீங்க. நியாயமான கேள்வி. பல வாசனைக்கு அந்தத் தெருவே போதும். ஆனா சோப்பு செய்றவங்களுக்கு வாசனை மட்டும் போதாது. காஸ்டிக் சோடா கலந்த மாவுல ஊத்தினதும் அந்த எண்ணெய் எப்படி நடந்துக்கும்னு தெரியணும். சில பூ வாசனைகள், கிராம்பு மாதிரி மசாலா வாசனைகள் எல்லாம் மாவை நிமிஷத்துல கெட்டியாக்கிடும். அச்சுல ஊத்தவே முடியாது. வெனிலின் இருந்தா வெள்ளை சோப்பு நாள்பட பழுப்பாகும். நல்ல வெளிநாட்டுக் கடைகள் ஒவ்வொரு எண்ணெயையும் சோப்புல போட்டுப் பார்த்து, "மாவு சீக்கிரம் இறுகுது", "வெனிலின் இத்தனை சதவீதம்"னு எழுதி வெச்சிருப்பாங்க. இஃப்ரா சான்றிதழும் பக்கத்திலேயே இருக்கும். அதுல 9ஆம் வகையைப் பாருங்க, கழுவிவிடுற சோப்புக்கான அளவு அங்கதான் இருக்கும். இங்கேயும் கேட்டா கொடுக்கிற சப்ளையர்கள் இருக்காங்க. ஆனா ஊதுபத்திக்குன்னு விக்கிற எசன்ஸை வாங்கி சோப்புல ஊத்துறது வேற கதை.

சரி, கணக்குக்கு வருவோம். ஷிப்பிங் 4,500ங்கிறதைப் பார்த்து பயப்படுறோம். உண்மையில் பார்க்கவேண்டிய எண் அது இல்ல. வீட்டு வாசலுக்கு வந்து சேர்றப்போ ஒரு கிராம் எண்ணெய் எவ்வளவு ஆகுது, ஒரு சோப்புக்கு எவ்வளவு ஆகுது, இந்த ரெண்டும்தான்.

ஒரு கிலோ எண்ணெய்க்கு 30 கிராம் வாசனை, அதாவது 3 சதவீதம் போடுறாங்கன்னு வெச்சுக்குவோம். ஒரு கிலோ எண்ணெய்ல காஸ்டிக்கும் தண்ணியும் சேர்ந்து, வெட்டும்போது 100 கிராம் வாக்கில் 14 சோப்பு வரும். ஒரு சோப்புக்கு ஏறத்தாழ 2.1 கிராம் வாசனை. 200 சோப்புக்கு 420 கிராம். கார்ட்ல இருக்கிறது 452 கிராம். அளவுல அவங்க சரியாத்தான் போட்டிருக்காங்க.

இப்போ சுங்க வரி. வரி பொருள் விலைக்கு மட்டும் இல்ல, ஷிப்பிங்கையும் சேர்த்துத்தான் போடுவாங்க. ஆனா இதுல நமக்கு சாதகமா ஒரு விஷயம் இருக்கு. விமானத்தில் வர்ற சரக்குக்கு ஷிப்பிங் எவ்வளவு ஆகியிருந்தாலும், பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் வரிக் கணக்கில் சேர்க்கக் கூடாதுன்னு 2007ஆம் வருஷ சுங்க மதிப்பீட்டு விதி சொல்லுது. அதனால 4,500க்குப் பதிலா 1,200தான் சேரும். இன்ஷூரன்ஸ் சின்னத் தொகை, விட்டுடுவோம். வரி போடுற மதிப்பு 7,200.

அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம்னு கணக்குக்காக வெச்சுக்குவோம். வாசனைக் கலவைகளுக்கான தலைப்பு எண் 3302. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறலாம், ஆர்டர் போடுற அன்னைக்கு சுங்க வாரியத்தோட இணையதளத்தில் பார்த்துக்கோங்க. 10 சதவீதம்னா 720 ரூபாய். அந்த வரி மேலேயே 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, 72. எல்லாம் சேர்த்து 7,992. அதுக்கு மேல 18 சதவீதம் ஐஜிஎஸ்டி, 1,439. ஆக வரி மட்டும் 2,231 ரூபாய். கூரியர் கம்பெனி நமக்காக வரியை முதல்ல கட்டிட்டு, அதுக்கு ஒரு சேவைக் கட்டணம் போடும். அது ஒரு 600னு வெச்சுக்கோங்க.

6,000, 4,500, 2,231, 600. கூட்டினா 13,331 ரூபாய். 452 கிராமால் வகுத்தா கிராம் 29 ரூபாய் 50 காசு. ஒரு சோப்புக்கு வாசனை மட்டும் 62 ரூபாய்!

வெப்சைட்ல பாட்டில் விலையை மட்டும் வகுத்திருந்தா ஒரு சோப்புக்கு 28 ரூபாய்னு தோணும். 110 ரூபாய்க்கு விலை பேசினப்போ மனசுல இருந்தது அந்த 28தான்னு நினைக்கிறேன். 62ன்னா மீதி 48 ரூபாய்ல எண்ணெய், காஸ்டிக், பேக்கிங், கரண்ட், அவங்க உழைப்பு எல்லாம் அடங்கணும். கார்டுல டாலர்ல கட்டினா பேங்க் போடுற மார்க்-அப் தனி. அதனால இப்போ இருக்கிற கார்ட் அப்படியே வேண்டாம். இது என் தெளிவான பதில்.

ஆனா கார்ட்டை மாத்தலாம்.

முதல்ல நாலு சின்ன பாட்டிலை எடுத்துட்டு, 454 கிராம் பாட்டில் ஒண்ணு போடுங்க. பெரிய பாட்டில் 4,200ன்னு வெச்சுக்கிட்டா, அதே ஷிப்பிங், அதே முறைல வரி போட்டு மொத்தம் ஏறத்தாழ 10,860. சோப்புக்கு 50 ரூபாய். பரவாயில்ல, இன்னும் இறக்கணும்.

"அப்போ நாலு பெரிய பாட்டிலா வாங்கிட்டா?"ன்னு தோணும். தோணணும்னுதான் கடைக்காரங்களும் அப்படி விலை வெக்கிறாங்க. ஷிப்பிங் 9,000 ஆகுதுன்னு வெச்சு நான் போட்டுப் பார்த்தேன். கிராம் 18 ரூபாய்க்கு வருது, சோப்புக்கு 38. பார்க்க அழகா இருக்கு. ஆனா கையில இருந்து போறது 32,646 ரூபாய். அந்த எண்ணெய்ல 860 சோப்பு செய்யலாம். கல்யாணத்துக்கு 200 போனா மீதி 660. மாசம் 40 சோப்பு விக்கிறவங்களுக்கு அது பதினாறு மாசத்துக்கு மேல ஓடும். வாசனை எண்ணெய் என்ன ஊறுகாயா? நாளாக நாளாக மணம் குறையும், நம்ம ஊர் வெயில்ல இன்னும் வேகமா. 12 ரூபாய் மிச்சம் பிடிக்க 20,000 ரூபாய்க்கு மேல அலமாரியில் முடக்குறதை நான் லாபம்னு சொல்லமாட்டேன்.

அதே நாலு பாட்டிலை நாலு பேர் சேர்ந்து வாங்கினா கதையே வேற. உங்க ஊர்லயும் வீட்டு சோப்புக்காரங்க நாலு பேர் கண்டிப்பா இருப்பாங்க. ஆளுக்கு ஒரு பாட்டில், 38 ரூபாய் கணக்கு. ஒருத்தர் பேர்ல இறக்குமதி பண்ணிட்டு மத்தவங்களுக்கு முறையா பில் போட்டுக் கொடுத்துடுங்க. பணத்தை ஆர்டருக்கு முன்னாடியே வாங்கிடுங்க. நட்பு வேற, ஜிபே வேற.

இப்போ ஷிப்பிங் ரேட் எப்படி வருதுன்னு கொஞ்சம் பார்ப்போம், இங்கேதான் சத்தமில்லாம காசு போகுது. எக்ஸ்பிரஸ் கூரியர் பெரும்பாலும் அரை கிலோ படிக்கட்டுல ஏறும். 600 கிராமும் 990 கிராமும் ஒரே விலை. 1,010 கிராம் ஆனா அடுத்த படி. அதனால படி நிறையற வரைக்கும் பொருளைச் சேர்க்கலாம், ஒரு பத்து கிராம் தாண்டுதுன்னா எதையாவது எடுத்துடணும்.

எடை மட்டும் இல்ல, பெட்டியோட அளவும் கணக்கு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 5,000ஆல் வகுப்பாங்க. அந்த எண்ணும் நிஜ எடையும் எது பெருசோ அதுக்குத்தான் பில். 25, 20, 15 அளவுல ஒரு பெட்டின்னா 7,500, வகுத்தா ஒன்றரை கிலோ. உள்ள இருக்கிறது 900 கிராம்தான், மீதி காத்து. 20, 15, 12 அளவுப் பெட்டின்னா 0.72, நிஜ எடை 900 கிராமுக்குள்ள அடங்கிடுது, ஒரு கிலோ படியோட முடிஞ்சுது. "சின்னப் பெட்டியில் வைங்க, கண்ணாடி பாட்டில் வேண்டாம், அலுமினியத்தில் கொடுங்க"ன்னு கடைக்கு ஒரு மெயில் போடுறது காசில்லாத வேலை.

அடுத்து, பெரும்பாலானவங்க பார்க்காத ஒண்ணு, தீப்பற்றும் வெப்பநிலை. ஃப்ளாஷ் பாயின்ட்னு சொல்வாங்க. 60 டிகிரி செல்சியஸ் அல்லது அதுக்குக் கீழே இருந்தா அந்த எண்ணெய் விமானத்துக்கு ஆபத்தான சரக்கு. சாதாரண பார்சலா போகாது, தனி பேக்கிங், தனிக் கட்டணம். ஆரஞ்சு, எலுமிச்சை தோல் எண்ணெய்கள் 50 டிகிரியை ஒட்டி இருக்கும். நம்ம நீலகிரித் தைலமும் அந்தப் பக்கம்தான். ஒவ்வொரு எண்ணெய்க்கும் பாதுகாப்புத் தரவுத் தாள், அதாவது எஸ்டிஎஸ் இருக்கும். 16 பகுதி. 9ஆம் பகுதியில் ஃப்ளாஷ் பாயின்ட், 14ஆம் பகுதியில் போக்குவரத்து விவரம். 'கார்ட்ல சேர்'னு அழுத்துறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு பகுதியைப் படிச்சிடுங்க. படி நிறையட்டும்னு ஒரு ஆரஞ்சு பாட்டிலைச் சேர்த்தா, மொத்தப் பார்சலும் அதால நின்னுபோகலாம். அமெரிக்காவில் இருந்து வர்ற அண்ணன் பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்றதுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. தவிர, விக்கிறதுக்கான சரக்கு பயணியோட சொந்த லக்கேஜ் ஆகாது.

"கிஃப்ட்னு எழுதி அனுப்பச் சொல்லலாமா?" வேண்டாம். கிஃப்டுக்கு இருந்த வரி விலக்கையே 2019 டிசம்பர்ல எடுத்தாச்சு. வியாபாரத்துக்கு வாங்குறீங்கன்னா ஐஇசி எடுத்துடுங்க. டிஜிஎஃப்டி இணையதளத்திலேயே கிடைக்கும், கட்டணம் 500 ரூபாய், உங்க பான் எண்ணே அந்த எண். வருஷா வருஷம் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவுல உள்ள போய் விவரத்தைப் புதுப்பிக்கணும், இல்லைன்னா முடங்கிடும். ஜிஎஸ்டி பதிவு இருக்கிறவங்க, உங்க பதிவு எண்ணோட இறக்குமதி ஆவணம் வந்தா அந்த ஐஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டா எடுத்துக்கலாம். காம்போசிஷன் திட்டத்துல இருந்தா முடியாது. கூரியர்ல இருந்து கேஒய்சி மெசேஜ் வந்தா அன்னைக்கே பதில் போடுங்க. தாமதமானா கிடங்கு வாடகை ஏறும்.

இப்போ கோயம்புத்தூர் அக்காவோட 200 சோப்பு. நாலு பேர் சேர்ந்து வாங்கினா 38 ரூபாய்னு பார்த்தோம். இதை இன்னும் குறைக்க வழி இருக்கு. வொயிட் டீ அண்ட் ஜிஞ்சர்ல பேர் வாங்குறது அந்த டீ வாசம்தான். இஞ்சிப் பக்கத்தையும் புல் மாதிரி பச்சை வாசத்தையும் இங்கேயே கிடைக்கிற இஞ்சி எண்ணெய், கேரளத்து லெமன்கிராஸ் எண்ணெய் வெச்சு நிரப்பலாம். லெமன்கிராஸ்ல சிட்ரல் இருக்கு, அதுக்கு இஃப்ரா வரம்பு உண்டு, அதனால கொஞ்சமா. பாதிக்குப் பாதின்னு வெச்சா, உள்ளூர்க் கலவை கிராம் 4 ரூபாய்னாலும் ஒரு சோப்புக்கு 23 ரூபாய்ல முடியும். 110 ரூபாய்க்கு அது தாங்கும். ஆனா வாசனை அதே மாதிரி இருக்காது, கிட்டத்தட்ட இருக்கும். அதனால ரெண்டு மாதிரி சோப்பு செஞ்சு பொண்ணுகிட்ட கொடுத்து முகரச் சொல்லுங்க. கலந்தது பிடிச்சா 110. "எனக்கு அசல்தான் வேணும்"னு சொன்னா புது விலை பேசுங்க. கல்யாண வீட்டுல பந்திக்கு ஒரு ஸ்வீட் கூடினா கேட்டரிங்காரர் விலையைக் கூட்டலையா? நீங்களும் கேளுங்க, கூச்சப்பட ஒண்ணும் இல்ல.

ஒரு சின்ன இடைச்செருகல். கோவை, சத்தியமங்கலம் பக்கத்து மல்லிகையில் இருந்து எடுக்கிற சாறு வெளிநாட்டு பெர்ஃப்யூம் கம்பெனிகளுக்குப் போகுது. அங்கிருந்து 'ஜாஸ்மின்'னு பேர் போட்டு நமக்கு வர்ற சோப்பு வாசனை எண்ணெய்ல பெரும்பாலும் மல்லிகையே இருக்காது, லேப்ல செஞ்ச கலவைதான். தப்பில்ல, அசல் மல்லிகைச் சாறு விலைக்கு சோப்புல போட முடியாது. ஆனா ஜாஸ்மினுக்காக மட்டும் யாராவது ஷிப்பிங் கட்டப்போறீங்கன்னா, முதல்ல இங்கே நாலு கடையில் முகர்ந்து பார்த்துட்டுப் போங்க.

கடைசியா தேதி. கோல்ட் ப்ராசஸ் சோப்பு காய நாலுல இருந்து ஆறு வாரம் வேணும். கல்யாணம் ஜனவரிக் கடைசின்னா டிசம்பர் பாதிக்குள்ள சோப்பு வெட்டியிருக்கணும். அதுக்கு முன்னாடி மாதிரி சோப்புக்கு ஒரு வாரம், பொண்ணு யோசிக்க ஒரு வாரம். பார்சல் கஸ்டம்ஸ்ல நிக்கிற நாளையும் சேர்த்தா நவம்பர் முதல் வாரத்துக்குள்ள ஆர்டர் போயிருக்கணும். வாய்ஸ் நோட் வந்தது செப்டம்பர்ல. நேரம் இருக்கு அக்கா. முதல்ல அந்த மூணு பேரைத் தேடிப் பிடிங்க, பொண்ணு எதைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு அடுத்த வாய்ஸ் நோட்ல சொல்லுங்க.