இம்மியும் ஓர் அளவே

"அவனுக்கு இம்மியளவும் இரக்கமில்லை" என்கிறோம். மிக அற்பமானதைச் சொல்ல இம்மி என்னும் சொல்லை எடுக்கிறோம். இது எங்கிருந்து வந்தது?

ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட பின்னங்களை நம் முன்னோர் கீழ்வாயிலக்கம் என்றனர். ஒன்றை நான்காகப் பகுத்தால் கால். எட்டாகப் பகுத்தால் அரைக்கால். இருபதாகப் பகுத்தால் மா. 320 ஆகப் பகுத்தால் முந்திரி. அந்த முந்திரியையும் 320 கூறாக்கினால் கீழ்முந்திரி. இம்மியோ அதனினும் சிறியது! திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் இவ்வளவுகளை மனப்பாடம் செய்தார்கள்.

ஆகவே இம்மி என்றால் ஒன்றுமில்லை என்று பொருளன்று. அதுவும் கணக்கில் சேர்ந்த ஓர் அளவே.

பால்மரம் சீவும் நாம், மங்கில் ஒட்டிய ஒட்டுப்பாலை அற்பமென்று வீசுவதில்லை. சேர்த்து நிறுவைக்குக் கொண்டுபோகிறோம். அதே கவனம் சம்பளச் சீட்டிலும் வேண்டும். நாளொன்றுக்கு அரைக் கிலோ குறைந்தால், "இம்மிதானே" என்று விடலாமா? 26 நாளில் 13 கிலோ போய்விடுமே! வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் சீட்டைக் கொடுத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்வோம். கணக்குக் கேட்பது சிறுமையன்று. அது உழைத்தவர் உரிமை.