குங்ஃபூ படங்களுள் தலையாயது எது?



ஆண்டுவிழா மேடையில் குறளையும் சிலம்பையும் விடுத்துச் சீனத்துச் சண்டைப் படங்களைப் பற்றிப் பேச வந்தமைக்குப் பெரியோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் நம் காலனியில் இப்பொருள் பற்றி நடவாத வழக்கு இல்லை. தந்தையர் புரூஸ் லீயின் பக்கம் நிற்கின்றனர். மைந்தர் ஜாக்கி சானின் பக்கம் நிற்கின்றனர். இரு திறத்தாரும் மற்றவர் சொல்வதைச் செவியில் ஏற்பதில்லை. அவ்வழக்கில் நாமும் ஒரு கட்சி கட்டிக்கொண்டு பேசவே வந்துள்ளோம். நடுவர் வேலை நமக்கு வேண்டா.

முதற்கண் சொல்லைப் பார்ப்போம். 'குங்ஃபூ' என்னும் சீனச் சொல்லுக்குச் சண்டை என்பது நேர்ப்பொருள் அன்று. நெடுநாள் உழைத்துப் பெற்ற திறமை எதுவோ அதுவே குங்ஃபூ. சமையற்காரர் கையிலும் அது உண்டு. எழுத்தோவியம் தீட்டுவார் தூரிகையிலும் உண்டு. இப்பொருளை நினைவில் வைத்துக்கொண்டால் வழக்கின் பாதி தீர்ந்துவிடும் என்பது நம் எண்ணம். யார் வலியவர் என்று கேட்பதை விடுத்து, எந்தப் படம் அவ்வுழைப்பைக் கண்முன் நிறுத்துகிறது என்று கேட்கலாம் அன்றோ?

இப்படங்களின் பிறப்பிடம் ஹாங்காங். 1924-இல் மறைந்த வோங் ஃபேய் ஹுங் என்னும் ஆசான் காண்டன் பகுதியில் வைத்தியராகவும் வித்தை ஆசிரியராகவும் விளங்கியவர். அவர் கதையை 1949 முதல் ஹாங்காங்கில் படமாக்கத் தொடங்கினர். க்வான் தாக் ஹிங் என்ற ஒரே நடிகர் எழுபதுக்கு மேற்பட்ட படங்களில் அவ்வாசானாகவே தோன்றினார் என்றால், மக்கள் அவரை எவ்வளவு விரும்பினர் என்பது விளங்கும். அதற்கு முன் திரையில் வீரர் காற்றில் பறந்தனர். கையிலிருந்து ஒளி பாய்ந்தது. இப்படங்களிலோ மெய்யான அடிமுறையும் மெய்யான கோல்வீச்சும் வந்தன. கதாநாயகர் பொறுமையை உபதேசித்த நேரம் அடித்த நேரத்தைவிடக் கூடுதல். இது வேறு செய்தி.

அவ்வாசானுக்கு லாம் சாய் விங் என்றொரு மாணவர். அவருக்கு லாவ் சாம் என்றொரு மாணவர். அவர்தம் மைந்தர் லாவ் கார் லியுங். தந்தையும் மைந்தரும் அந்தப் பழைய படங்களில் பணியாற்றினர். பின்னாளில் மைந்தர் இயக்குநரானார். ஆசான் வழி வந்த ஒருவர், அவ்வழியின் கதையையே படமாக்கியது நம் சிலம்பக் கூடத்துப் பிள்ளை ஒருவர் தம் ஆசானின் ஆசானைத் திரையில் நிறுத்தியது போன்றது. இப்பெயரை மனத்தில் வையுங்கள், மீண்டும் வரும்.

வெளியூரில் வாழும் நாம் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. ஹாங்காங் மக்கள் பேசுவது காண்டனீய மொழி. ஆனால் ஷா சகோதரர்களின் பெரிய படக்கூடம் மாண்டரின் மொழியிலேயே படம் எடுத்தது. 1972-ஆம் ஆண்டளவில் அந்நகரில் காண்டனீயப் படமே ஏறக்குறைய அற்றுப்போயிற்று. மறு ஆண்டு ஒண்டுக்குடித்தனக் குடும்பங்களைப் பற்றிய நகைச்சுவைப் படம் ஒன்று வந்து அம்மொழியைத் திரைக்கு மீட்டது. ஆக, சண்டைப் படங்களின் பொற்காலத்தில் அவ்வூர் மக்கள் தம் தாய்மொழியில் அல்லாத படங்களைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தனர்.

இனிப் புரூஸ் லீ. அவர் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. 1971-இல் 'தி பிக் பாஸ்', 1972-இல் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி', அதே ஆண்டில் அவரே எழுதி இயக்கிய 'தி வே ஆஃப் தி டிராகன்', 1973-இல் 'என்டர் தி டிராகன்'. இறுதிப் படம் திரைக்கு வருமுன்பே, 1973 ஜூலை 20-ஆம் நாள், முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி'யில் ஷாங்காய்ப் பூங்கா வாயிலில் சீனரையும் நாயையும் ஒருசேர விலக்கும் பலகையை அவர் காலால் உடைக்கும்போது, வெள்ளையர் ஆட்சியைக் கண்ட எந்த நாட்டாருக்கும் உடல் சிலிர்க்கும். அப்படிப்பட்ட வாசகத்தோடு பலகை இருந்ததா என்பதை வரலாற்றாசிரியர் ஐயுறுகின்றனர். சீனருக்கு அப்பூங்காவில் நெடுங்காலம் இடமில்லை என்பது மட்டும் மெய்.

ஆயினும் ஒன்று கேட்கிறோம். இப்படங்களில் புரூஸ் லீ கற்பதை நாம் எங்கேனும் கண்டதுண்டா? கற்றுத் தேர்ந்தவராகவே திரையில் நுழைகிறார், தேர்ந்தவராகவே வெளியேறுகிறார். சக் நாரிஸ் என்னும் அமெரிக்க வீரரோடு ரோமாபுரியின் பழைய அரங்கில் அவர் பொரும் காட்சி ஒன்றே விலக்கு. முதலில் அடிபடுகிறார், பிறகு தம் முறையை மாற்றுகிறார், வெல்கிறார். வென்றபின், மாண்டவனின் உடுப்பையும் கச்சையையும் எடுத்து அவன்மேல் போர்த்துகிறார். 'என்டர் தி டிராகன்' முழுவதையும் அந்த ஒரு காட்சிக்கு ஈடாகக் கொடுத்துவிடலாம். தந்தையர் மன்னிக்க வேண்டும். அவர் தலையாய வீரர் என்பதை ஒப்புகிறோம். அவர் படம் தலையாய படம் என்பதையே மறுக்கிறோம்.

மைந்தர் கட்சி இதைவிட வலிமையுடையது. 1978-இல் யூன் வூ பிங் இயக்கிய 'டிரங்கன் மாஸ்டர்' படத்தில், ஊரே கைகூப்பிய அந்த வோங் ஃபேய் ஹுங்கை அடங்காப் பிள்ளையாக நடித்துக் காட்டினார் ஜாக்கி சான். குடிகார ஆசானாக வருபவர் இயக்குநரின் சொந்தத் தந்தையார். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கீழிருக்கும் வாளியின் நீரைச் சிறு கிண்ணத்தால் மொண்டு மேலிருக்கும் வாளியை நிரப்பும் பயிற்சி ஒன்று போதும், இப்படம் உழைப்பை அறிந்தது என்பதற்கு. ஜாக்கியும் சிறு பிராயத்திலேயே பீக்கிங் நாடகப் பள்ளி ஒன்றில் விடப்பட்டுப் பிரம்படியோடு கற்றவர். எட்டுத் தெய்வங்களின் பெயரால் அமைந்த எட்டு முறைகளுள், பெண் தெய்வத்தின் முறை தமக்கு இழுக்கென்று எண்ணி அப்பிள்ளை அதைக் கல்லாது விட்டுவிடுகிறான். இறுதிப் போரில் அந்த எட்டாவதே வேண்டியதாகிறது! தானே இட்டுக்கட்டித் தப்புகிறான். பள்ளிப் பாடத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டுத் தேர்வுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இக்காட்சியில் மிகுதியாகச் சிரிப்பதன் காரணம் நமக்கு விளங்காமலில்லை.

நம் கட்சி இனி. அதே 1978-இல் லாவ் கார் லியுங் இயக்கிய 'ஷாவோலின் முப்பத்தாறாம் கூடம்' என்ற படமே தலையாயது என்பது நம் துணிபு. மஞ்சு ஆட்சியின் கொடுமைக்கு உறவினரைப் பறிகொடுத்த மாணவன் ஒருவன் ஷாவோலின் மடத்தை அடைகிறான். அங்குப் பயிற்சிக் கூடங்கள் முப்பத்தைந்து. எடுத்த எடுப்பில் உச்சக் கூடத்தையே விரும்பிப் புகுகிறான். அங்கே ஒருவரும் கை நீட்டாமலே வீழ்கிறான். பிறகு கடைசிக் கூடத்தில் தொடக்கம். உணவுக்கூடத்துக்குச் செல்லும் வழியில் நீர். நீரில் மிதக்கும் மரக்கட்டைகள். மிதித்துத் தாண்டினால் சோறு, தவறினால் முழுக்கு. வீரம் பேசி வந்தவன் பசியோடும் ஈர ஆடையோடும் நிற்கிறான். அடுத்த கூடங்களில், கைகளை நீட்டித் தண்ணீர் சுமக்க வேண்டும். கை தாழ்ந்தால் கையில் கட்டிய கத்தி விலாவில் குத்தும். படத்தின் பெரும்பகுதி இதுவே. பழி வாங்கும் கதை ஓரத்தில் காத்துக் கிடக்கிறது. பார்க்கும் நமக்கு அதன் நினைவே வருவதில்லை. நாயகனாக நடித்த கார்டன் லியூவும் லாவ் குடும்பத்தில் பயின்றவர். ஆதலின் அவர் வேர்வையில் பொய் இல்லை.

முப்பத்தைந்தும் கற்றபின் மடத்தார் என்ன வேண்டும் என்கின்றனர். முப்பத்தாறாவதாக ஒரு கூடம் வேண்டும், அதில் துறவியர் அல்லாத ஊர்மக்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்கிறான். படத்தின் பெயரே இல்லாத ஒரு கூடத்தின் பெயர். வித்தையை மதிலுக்குள் பூட்டி வைத்தல் தகுமா என்ற வினா அங்கே எழுகிறது. புரூஸ் லீ படங்களில் யார் வெல்வார் என்பதே வினா.

ஷாவோலின் என்றவுடன் நம் இளைஞர் போதிதருமரை எழுப்பிக்கொண்டு வருவர். அவர் தென்னிந்தியர் என்று பழைய சீன நூல்களுள் ஒன்று கூறுகிறது. வேறொன்று மேற்றிசையார் என்கிறது. அவர் அங்கே சண்டை கற்பித்தார் என்பதோ பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த ஒரு நூலின் வழியே பரவிய கதை. அதனை வைத்துப் படத்திற்கு மதிப்பெண் கூட்டுதல் வேண்டா. சீனர் உழைத்துக் கண்ட கலையைச் சீனருக்கே விட்டுவிடுவோம்.

1994-இல் ஒரு விந்தை நிகழ்ந்தது. 'டிரங்கன் மாஸ்டர்' இரண்டாம் படத்தை இயக்க லாவ் கார் லியுங்கையே அமர்த்தினர். சண்டையை எங்ஙனம் அமைப்பது என்பதில் ஜாக்கிக்கும் அவருக்கும் கருத்து மாறுபட்டது. அவர் விலகினார்; இறுதிச் சண்டையை ஜாக்கியே இயக்கினார். இரு கட்சியும் ஒரே படத்திற்குள் வழக்காடின எனலாம். அந்த இறுதிச் சண்டை மிக நன்றாக இருக்கிறது என்பதையும் நாம் மறைக்கவில்லை.

கிங் ஹூவின் படங்கள் எங்கே என்று கேட்கும் அன்பர்க்கு ஒரு சொல்: அவை வாள்வீரர் கதைகள், அழகானவை, வேறு பந்தி.

தாய்மார்களுக்கு நாம் பரிந்துரைப்பது லாவ் கார் லியுங்கின் மற்றொரு படம், 'ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்'. சீனக் கணவனும் ஜப்பானிய மனைவியும் எந்நாட்டு வித்தை உயர்ந்தது என்று வீட்டுக்குள்ளேயே சண்டையிடுகின்றனர். வழக்கு முற்றி ஜப்பானிலிருந்து எழுவர் புறப்பட்டு வருகின்றனர். போர் மேல் போர். ஆனால் படம் முடியும்வரை ஓர் உயிரும் போவதில்லை. ஷா சகோதரர்களின் பழைய படங்கள் இந்நூற்றாண்டில் செப்பனிடப்பட்டு நல்ல தெளிவுடன் கிடைக்கின்றன. ஆங்கிலக் குரல் ஏற்றிய படியைத் தவிர்த்து, சீனக் குரலும் அடியில் எழுத்தும் உள்ள படியைப் பாருங்கள். இப்படத்தை முதலிலும் முப்பத்தாறாம் கூடத்தை அடுத்த ஞாயிறன்றும் பார்த்துவிட்டு வந்தால், அதன்பின் வழக்காட நாம் என்றும் அணியமாய் இருக்கிறோம்.