கூத்துக் கொப்பியும் காலடியும்

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றும் நாளில் மலையகத் தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றுவது வழக்கம். பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளை, ஹப்புத்தளை என விரிந்து கிடக்கும் ஊவா மாகாணத்துத் தோட்ட மக்களும் இவ்வழக்கத்திற்கு உரியவர்களே. கம்பம் ஊன்றிய பின்னர் இரவு நேரங்களில் தப்பு முழங்கும். இரதியும் மதனும் வேடம் புனைந்து ஆடுவர். முடிவில் சிவபெருமானின் நெற்றிக்கண் திறக்கும், காமன் எரிவான், இரதி புலம்புவாள். அந்த இரதியாக ஆடி, காண்போர் கண்ணைக் கலங்கச் செய்பவரும் மரபுப்படி ஓர் ஆடவரே.

இத்தனை பெரிய ஆட்டத்திற்கும் ஆதாரமாக விளங்குவது யாது? கூத்து வாத்தியாரின் நினைவு ஒன்று. அவர் கையிலிருக்கும் கொப்பி மற்றொன்று. விருத்தங்களும் பாடல்களும் அதில் எழுதப்பட்டிருக்கும். சென்னையில் அச்சாகிக் கப்பலேறி வந்த பெரிய எழுத்துப் புத்தகங்களைப் பார்த்து எழுதிய பகுதிகளும் உண்டு. செவிவழியாகக் கேட்டு எழுதிய பகுதிகளும் உண்டு. ஆயினும், பழம் புத்தகங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இக்கொப்பியைப் புத்தகமென்றே கருதுவதில்லை. நடனக் கலையைக் கற்பிக்கும் பழைய நூல் வேண்டுமென்றால் அவர்கள் கொழும்பிலும் சென்னையிலும் பழைய புத்தகக் கடைகளையே நாடுகின்றனர்.

அவர்கள் தேடும் நூல்களின் பெருமையை யாரும் மறுக்க முடியாது. அவற்றுள் மிகவும் பழையவற்றில் ஒன்று பிரான்சு நாட்டின் லாங்ர நகரிலே 1589 ஆம் ஆண்டில் வெளிவந்தது. தொய்னோ ஆர்போ என்ற புனைபெயரில் அதனை எழுதியவர் ஒரு பாதிரியார். ஆசிரியரும் மாணவரும் உரையாடுவதாக அமைந்த அந்நூலில் இசைக்குறிப்பின் அருகிலேயே, எந்தச் சுரத்திற்கு எந்த அடி என்று காலடிகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. முரசின் அடிகளும் குறிக்கப்பட்டுள்ளன. 1700 ஆம் ஆண்டில் ஃபோயே என்பவர், ஆடுவோரின் பாதம் செல்லும் வழியைத் தரையிலே கோடிட்டுக் காட்டுவது போன்ற குறியீடுகளை அச்சிட்டார். 1820 ஆம் ஆண்டில் கார்லோ பிளாசிஸ் என்ற இத்தாலியர் பாலே நடனத்தின் நிலைகளை விளக்கி எழுதினார்.

இத்தகைய நூல்களைத் தேடுவோர் பல்லாண்டுகள் நாடிச் சென்ற கடை ஒன்று இலண்டன் மாநகரின் சாரிங் கிராஸ் வீதியில் இருந்தது. அதன் உரிமையாளர் சிரில் போமன்ட். 1910 முதல் 1965 வரை அக்கடையை நடத்திய அவர் ஆர்போவின் நூலை 1925 இல் ஆங்கிலமாக்கி வெளியிட்டார். எனினும் அவருடைய செயல்களுள் இங்கே கருதத்தக்கது வேறொன்று. என்றிக்கோ செக்கெட்டி என்ற இத்தாலிய நடன ஆசான் அக்காலத்தில் இலண்டனில் கற்பித்து வந்தார். பெரும் புகழ் பெற்ற ஆட்டக்காரர் பலருக்கு ஆசிரியரான அவருக்கு அப்போது எழுபது வயதைக் கடந்துவிட்டது. அவருடைய பயிற்சிமுறை அவருடைய உடலிலும் மாணவர் உடலிலும் மட்டுமே வாழ்ந்துகொண்டிருந்தது. போமன்ட், செக்கெட்டியிடம் பயின்ற இத்சிகோவ்ஸ்கி என்னும் ஆட்டக்காரரைத் துணைகொண்டு, அம்முறையை அடி அடியாக எழுதி 1922 இல் நூலாக்கினார். அடுத்த ஆண்டிலேயே ஆசான் இத்தாலிக்குத் திரும்பினார். 1928 இல் மறைந்தார்.

ஆசான் ஒருவர், ஆடிக் காட்ட ஒருவர், எழுதிக்கொள்ள ஒருவர். இம்மூவரும் ஒரே காலத்தில் கூடியதனால்தான் அந்த நூல் பிறந்தது. சில ஆண்டுகள் தாழ்த்தியிருந்தால் அதனை ஆசானின் முன்னிலையில் சரிபார்த்து எழுதும் வாய்ப்பே இருந்திராது.

இலங்கைக்கும் இத்துறையிலே ஒரு பெருமை உண்டு. 1877 இல் கொழும்பிலே பிறந்து, கனிப்பொருள் ஆய்வாளராக இந்நாட்டின் மலைகளிலும் காடுகளிலும் திரிந்து, பின்னர் கலை ஆராய்ச்சியிலே உலகப் புகழ் எய்தியவர் ஆனந்த குமாரசுவாமி. அவர் துக்கிரால கோபாலகிருஷ்ணய்யாவுடன் சேர்ந்து நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1917 இல் வெளியிட்டார். தலைக்கு 9 அசைவுகள், கண்ணுக்கு 8, கழுத்துக்கு 4, ஒற்றைக் கைக்கு 28 முத்திரைகள் என்று வகுத்துக் கூறும் நூல் அது. 1936 இல் நியூயோர்க்கிலே மறுபதிப்பும் வந்தது. முதற்பதிப்பு கிடைத்துவிட்டால் சேகரிப்பாளர் அடையும் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை.

நூல் மறைந்தால் எத்தகைய இழப்பு ஏற்படும் என்பதைத் தமிழர் நன்கு அறிவர். சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், தம் காலத்துக்கு முன்பே இறந்துபட்ட இசை நாடக நூல்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லுகிறார். அவற்றுள் பலவற்றிற்குப் பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது. அவர் கையாண்ட பஞ்சமரபு என்னும் நூலும் மறைந்ததென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கொங்கு நாட்டுத் தெய்வசிகாமணிக் கவுண்டர் ஏடு தேடி அதனை மீட்டு, 1970களில் அச்சேற்றினார். நூற்றாண்டுகள் பல கடந்து மீண்டது அந்நூல். எல்லா நூலுக்கும் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை.

இனி ஊவாவின் கூத்துக் கொப்பிக்கு வருவோம். அதற்கு ஏற்பட்ட சோதனைகள் பல. 1964 அக்டோபர் 30 இல் செய்துகொள்ளப்பட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. பின்வந்த ஆண்டுகளில் தோட்டத்துக் குடும்பங்கள் பெட்டி படுக்கையுடன் தலைமன்னாருக்குப் புகைவண்டி ஏறின. இரதியாக ஆடியவர் அக்கரைக்குச் செல்ல, தப்படித்தவர் இக்கரையிலே நின்றுவிடுவதும் நேரக்கூடியதாயிற்று. 1983 ஜூலையிலே பதுளை நகரிலும் தமிழருடைய வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர் குழந்தையைத் தூக்குவாரேயன்றிக் கொப்பியைத் தூக்கமாட்டார். இவற்றுக்கெல்லாம் தப்பியவற்றை லயத்துக் கூரையின் ஒழுக்கும் கறையானும் விட்டுவைப்பதில்லை.

ஆகவே கொப்பிகளைத் தேடிச் சேர்த்துக் காப்பது நல்ல பணி என்பதில் ஐயமில்லை. ஆயின், கொப்பியைக் கொண்டுபோய் நகரத்து அலமாரியிலே வைத்துப் பூட்டிவிட்டால் கூத்து காப்பாற்றப்பட்டுவிடுமா? அந்தக் கொப்பியிலே பெரும்பாலும் இருப்பது பாட்டு மட்டுமே. மதன் எந்தக் காலை முன்வைக்கிறான், இரதி எந்த இடத்திலே சுழல்கிறாள், பாட்டு முடிந்ததும் தப்பு எப்படி அடி மாறுகிறது என்பவை அதில் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவையும் அன்று இருக்கவில்லை. பக்கத்திலே வாத்தியார் நின்றார். எதிரிலே தப்படிப்பவர் நின்றார். ஆடுகின்ற பிள்ளை அவ்விருவரையும் பார்த்தே கற்றுக்கொண்டது. விடியற்காலையிலே தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்த அதே தப்புத்தான் இரவிலே தெய்வங்களையும் ஆடவைத்தது. அதன் நுட்பம் கையிலும் காதிலும் வாழ்வது.

கொப்பியை எடுத்துச் செல்வதில் மற்றொரு தீங்கும் உண்டு. அடுத்த மாசியிலே கம்பம் ஊன்றும்போது வாத்தியாரின் மகன் எதைப் பார்த்துப் பாடுவான்? பழம்பொருளாக மதித்து ஒருவர் விலைகொடுத்து வாங்கிய கொப்பி, ஒரு தோட்டத்தின் கூத்தையே நிறுத்திவிடவும் கூடும். எனவே படியெடுத்துக்கொண்டு மூலத்தை உரியவரிடமே விட்டுவருவதுதான் முறை. எழுதியவர் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு, ஓரங்களிலே வேறு கையால் எழுதிய திருத்தங்கள் ஆகிய யாவும் அந்தப் படியில் இடம்பெற வேண்டும். அந்தத் திருத்தங்களே ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குச் சொன்ன பாடங்கள்.

அதன்பின் போமன்ட் செய்ததைச் செய்தல் வேண்டும். வாத்தியாரை அமரச் செய்து, ஆடத் தெரிந்தவரை ஆடச் செய்து, தப்படிப்பவரை அருகே அழைத்து, பாட்டின் ஒவ்வோர் அடிக்கும் நேரே தப்பின் அடியையும் காலின் அடியையும் குறித்தல் வேண்டும். ஆர்போ பாதிரியார் நானூறு ஆண்டுகளுக்கு முன் மையும் தாளும் கொண்டு செய்த வேலை இது. இன்று ஒலியையும் ஆட்டத்தையும் உள்ளபடியே பதிவுசெய்யும் கருவிகள் கைக்குள் அடங்கிவிட்டன. கருவிக்குக் குறைவில்லை, காலத்திற்குத்தான் குறைவு.

ஊவாத் தோட்டங்களிலே ஆடி முதிர்ந்த கூத்து வாத்தியார்கள் இருக்கும்போதே இப்பணி நடந்தாக வேண்டும். இலண்டனிலே அச்சான நூலின் பிரதி இன்றில்லையேல் நாளை எங்கேனும் ஒரு கடையிலே கிடைக்கலாம். வாத்தியாரின் காலடிக்கு மறுபதிப்பு இல்லை.