பன்றிக்குட்டியின் குடலும் குறைமாதப் பிள்ளையும்



நூற்றாண்டு விழாவில் பன்றிக்குட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சங்கச் செயலாளர் சற்று நேரம் மௌனமாகிவிட்டார். பொறுத்துக் கேளுங்கள், விஷயம் எங்கள் தீவுப் பிள்ளைகளைப் பற்றியதுதான்.

பன்றியின் சூல்வித்தகம் தாயின் பிறபொருளெதிரிகளைக் குட்டிக்குக் கடத்துவதில்லை. பிறந்து ஒன்றரை நாளுக்குள் கடும்புப் பாலிலிருந்தே குட்டியின் குடல் அவற்றை உறிஞ்ச வேண்டும். பிறகு அந்த வாசல் மூடிவிடும். அதே பாலில் வளர்ச்சிக் காரணிகளும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றான மேலணி வளர்ச்சிக் காரணியைப் பற்றி 1962இல் ஸ்ரான்லி கோஹன் எழுதினார். சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றை ஏற்றிய குஞ்சுகள் காலத்துக்கு முன்பே கண் திறந்ததிலிருந்துதான் அதைக் கண்டுபிடித்தார். 1986இல் நோபல் பரிசும் பெற்றார்.

குடற் கலங்களில் இக்காரணிக்கென்றே வாங்கிகள் உண்டு. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்குப் பூட்டும் திறப்பும் ஞாபகம் வரும். காரணி பொருந்தியதும் இரண்டு வாங்கிகள் சோடி சேர்ந்து கலத்துக்குள் செய்தி அனுப்பும். கலம் பிரியும், சடைமுளை நீளும், புண் ஆறும். வளர்ந்த குடலில் இவை பெரும்பாலும் கலத்தின் பக்கங்களிலும் அடியிலும், உணவு படாத இடத்திலேயே இருக்கும். பச்சைக் குடல் இன்னும் இறுகாதது. பாலில் வரும் காரணி அங்கும் எட்டும்.

குறைமாதக் குழந்தையின் குடலில் ஒரு பகுதி அழற்சியுற்று இறந்துபோகும் நோய் ஒன்று உண்டு. கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் குறைமாதத்தில் எடுத்த பன்றிக்குட்டிகளைக் கொண்டு இதை ஆராய்கிறார்கள். மாப்பால் குடித்த குட்டிகளுக்கு நோய் அதிகம். கடும்புப் பால் குடித்தவற்றுக்குக் குறைவு. இந்த ஒரு காரணியால்தான் என்று சொல்லமாட்டேன், பாலில் இன்னும் பல இருக்கின்றன. ஆனால் மிகக் குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் இக்காரணி நிறைமாதத் தாயின் பாலைவிடக் கூடுதலாக இருப்பதை அளந்திருக்கிறார்கள். வழமையான மாப்பாலில் அது இல்லை.

ஆகவே மஞ்சளாக, பிசுபிசுப்பாக வரும் முதல் பாலைப் பழுதென்று பீய்ச்சி ஊற்றாதீர்கள். உறிஞ்சத் தெரியாத பிள்ளைக்கும் துளித் துளியாகக் கொடுக்கலாம்.

ஆனால் பால் வர வேண்டுமென்றால் தாய் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊர்காவற்றுறைக்குத் தெரு உண்டு. நெடுந்தீவுத் தாய்க்குக் குறிகட்டுவானுக்கே ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் படகு. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. பிள்ளை யாழ்ப்பாணத்தில் வார்ட்டில் வாரக்கணக்கில் கிடக்கும். தாய்க்குத் துண்டு வெட்டியதும் தங்க இடமில்லாமல் ஊர் திரும்புகிறாள். நாலைந்து நாளில் பால் வற்றத் தொடங்கும். பிறகு ரின்தான்.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் அக்காமார் பிள்ளை பிறந்த வீட்டுக்கு மாப்பால் ரின் அனுப்புவது அன்பினால்தான் என்று எனக்குத் தெரியும். அந்தக் காசை இனிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்போம். தீவுத் தாய்மார் நாலு பேர் படுக்க இரண்டு அறை, ஒரு குசினி, பாலை வைக்க ஒரு குளிர்சாதனப் பெட்டி இருந்தால் போதும். விருப்பமானவர்கள் விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.