பின்பக்கச் சுவரில் ஒரு டிராகன்

(ஆண்டுப் பொதுக்குழுவில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செகரட்டரி ஐந்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரில் பிள்ளைகள் டிராகன் வரைகிறார்கள். "பெரியவர் நினைவாக என்றீர்களே, சீனாக்காரப் பாம்பு எதற்கு?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டவர்களில் நானும் ஒருவன். மாலை போட்ட படம் ஒன்று போதும் என்றேன். படமும் வேண்டாம், பெயரும் வேண்டாம் என்று அவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். டிராகன் பிள்ளைகளின் யோசனை.

பிறகுதான் டானி சின் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தின் சைனாடவுனில், பெற்றோரின் கடை இருந்த சந்திலேயே வளர்ந்தவர். 1968-ல், பள்ளி வயதில், நண்பர்களோடு ஒரு தொண்டர் குழு தொடங்கினார். யாராவது மயங்கி விழுந்தாலும், அடிதடி என்றாலும், ஆம்புலன்சுக்கு முன்பே அவர் வந்து நிற்பார். ஏறக்குறைய ஐம்பது வருடம் அப்படியே. 2015 ஜூலை 23 அதிகாலை, அதே பகுதியில் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். வயது 59. அங்கிருந்த சிறுவர் பூங்காவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்தப் பூங்காவில் ஜெரார்ட் சுதகாவா செய்த டிராகன் சிற்பம் இருக்கிறது. பிள்ளைகள் அதன் முதுகில் ஏறி விளையாடுவார்கள். ஆளுயரச் சிலையைவிட அதுதான் அவருக்குப் பொருத்தம் என்று எனக்குப் பட்டது.

இன்னொன்று. சீன டிராகன் சினிமாவில் வருவதுபோல நெருப்புக் கக்குவதில்லை. மழைக்கும் ஆற்றுக்கும் அதிபதி. மழை பொய்த்தால் அதை வேண்டிக்கொள்வார்கள். நமக்கும் அது அந்நியமில்லை. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போனவர்கள் யாளி வாயில் உருளும் கல் உருண்டையைப் பார்த்திருப்பீர்கள். சீன டிராகனோடு ஒரு முத்து வரும்.

நம் பெரியவர் என்ன செய்தார்? சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் நம் பார்க்கிங்குக்குள் வராமல் பார்த்துக்கொண்டார். ஞாயிறுதோறும் மண்வெட்டியோடு வடிகாலில் நிற்பார். பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, பார்க்காததுபோல உள்ளே போனவன் நான். எத்தனை முறை என்று எண்ணவில்லை. அவர் போன பிறகு வந்த முதல் மழையில் என் ஸ்கூட்டர் சீட் வரை தண்ணீர்.

பெயின்ட் செலவுக்கு ஃபிளாட்டுக்கு இருநூறு ரூபாய் கேட்டிருக்கிறார்கள். நான் கொடுத்துவிட்டேன்.

படம் முடிந்தது, கண் மட்டும் பாக்கி. புது டிராகனுக்குக் கண்ணில் புள்ளி வைத்து உயிர் கொடுப்பது சீனர் வழக்கம். நம் ஸ்தபதிகளும் கடைசியில்தானே கண் திறக்கிறார்கள்! வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பெரியவர் வீட்டு அம்மா கண் வைக்கிறார்கள். வரும்போது வீட்டில் மண்வெட்டி இருந்தால் எடுத்து வாருங்கள். வடிகாலில் மறுபடியும் மண் சேர்ந்திருக்கிறது.