குற்றமற்ற ஆளி

கனடாவின் மாரிகாலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியசுக்கும் இறங்குவதுண்டு. அத்தகைய இரவொன்றில் நிலவறையிலுள்ள வாயு உலை பற்றாது நின்றுவிட்டால், குழாய் நீரும் உறைந்துவிடும். உலையின் குறிவிளக்கு கண்சிமிட்டி, பழுது அமுக்க ஆளியில் என்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து தொறொன்ரோ சென்று குடியேறியவரும் அவரது அயலவரும் ஒன்றுபோலவே புதிய ஆளி வாங்க விரைவர். பெரும்பாலும் அது வீண் செலவு. தூதனைக் கொல்லுதல் அரசநீதி அன்று என்பது இராமாயணத்திலேயே உண்டு.

உலை பற்றுமுன் சிறு விசிறியொன்று சுழன்று புகைவழியிற் காற்றை இழுக்கிறது. அவ்விழுப்பை மெல்லிய இறப்பர்க் குழாய் ஆளிக்குக் கொண்டு செல்கிறது. ஆளியினுள்ளிருக்கும் மென்படலம் அசைந்து மின்சுற்றை மூடிய பின்னரே வாயு திறக்கும். ஆளி மூடாதிருப்பின், இழுப்பில்லை என்ற மெய்யையே அது உரைப்பதாகலாம். வெளிக்குழாயின் வாயைப் பனி மூடியிருக்கும். பறவை கூடு கட்டியிருக்கும். இறப்பர்க் குழாய் வெடித்திருக்கும், அன்றி அதனுள் நீர் தேங்கியிருக்கும். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு முதலில் இவற்றையே நோக்குதல் வேண்டும். குழாய் ஆளியோடு இணைந்திருக்கையில் அதனை வாயால் ஊதுதல் ஆகாது, மென்படலம் கிழிந்துவிடும்.

குளிர் பொறாத சிலர் ஆளியின் இரு முனைகளையும் கம்பித்துண்டால் இணைத்துவிடுகின்றனர். உலை எரியும், வீடும் சூடேறும். ஆனால் புகைவழி அடைபட்டிருப்பின், காபனோரொட்சைட்டு அறைகளிற் பரவும். நிறமும் மணமும் அற்ற அவ்வாயு உறக்கத்திலேயே உயிரைக் கவரும்.

தேர்ந்த வினைஞர் இழுப்பைக் கருவிகொண்டு அளப்பார். அது போதியதாயிருந்தும் ஆளி மூடாவிடின், அப்பொழுதே ஆளியை மாற்றுவார். அதுவும் பழையதன்மேற் பொறித்த அளவே கொண்ட ஆளியாக.